கயிற்றில் கறுப்புத் துண்டு

நீங்கள் காக்கிச் சட்டைக்குள் போட்டிருக்கும் பனியன் நல்ல வெள்ளை, இன்ஸ்பெக்டர் ஐயா. கழுத்துப் பட்டியைப் பார்த்தாலே எங்கள் திருப்பூர்ச் சரக்கு என்று தெரிகிறது. ஆனால் பருத்தி வெள்ளையாகப் பிறப்பதில்லை. பின்னல் மெஷினிலிருந்து இறங்கும்போது பனியன் துணி மஞ்சள் படிந்த பல்லின் நிறத்தில்தான் இருக்கும். அதைக் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் வேகவைத்து, அலசி, பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, மறுபடியும் அலசி, நீலத்தில் முக்கி, நொய்யல் ஆற்றங்கரையில் உலர்த்திய பிறகுதான் அது வெள்ளைத் துணி. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

வால்வைத் திறந்தவன் வீரன் என்பதால் அவனை உள்ளே உட்காரவைத்திருக்கிறீர்கள். துணி மிதிக்கும் ஆறுச்சாமி பானைக்குள் இருக்கும்போதே கொதிக்கும் காரத் தண்ணீர் எப்படி வந்தது என்று அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவனும் "மணி அடிச்சுதுங்க, திருகினனுங்க" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடம் இருப்பது அவ்வளவுதான். என் மாமா லிங்கசாமி, சலவைப் பட்டறை முதலாளி, வீரன் கவனக்குறைவானவன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம், "பழியை அவம் மேல போட்டர்லாம் மாப்ளே, நீ படிச்சவன், உனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வீரன் இதற்காக ஜெயிலுக்குப் போவது நியாயமாகாது. அதனால்தான் நானாக வந்து, தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

என் பெயர் சிவசுப்பிரமணியம். சொந்த ஊர் குண்டடம். கோயமுத்தூரில் எலக்ட்ரிகல் படித்தேன். படித்து முடித்த சமயம் பம்பாயில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரைப் பராமரிக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. மாட்டுத் தாவணிக்குப் போகிறவன் போல மஞ்சள் பையோடு போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மார்கழி. வரிசையாக இரும்பு பீரோக்கள். எல்லோரையும் போல நானும் அவற்றுக்குள் ஒரு பெரிய மூளை இருக்கும் என்றுதான் நினைத்தேன். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சக்கரவர்த்தி என்ற வங்காளி. ஒரு நாள் நடு பீரோவின் கதவைத் திறந்து, "இதுதான் பிராசஸர், மூளையைத் தேடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். நாங்கள் தேடினோம். மூளை இல்லை.

இருந்ததைச் சொல்கிறேன். ஓர் இடத்தில் கட்டளைகள் வரிசையாகக் காத்திருந்தன. அடுத்த கட்டளை எது என்று காட்ட விரல் மாதிரி ஒரு பாகம். கையில் இருக்கும் எண்ணை வைத்துக்கொள்ள ஓர் இடம். கூட்டுவதற்கு ஒரு பாகம். இவை எல்லாவற்றையும் நடத்த ஒரு மணி. சத்தம் கேட்காத மணி, மின்சாரத் துடிப்பு. மணி அடித்தால் கட்டளையை எடு. அது என்னவென்று பார். செய். விரலை ஒன்று தள்ளிவை. திரும்பவும் மணி. இதைத் தவிர அந்தப் பீரோவில் எதுவுமே நடக்கவில்லை. கூட்டும் பாகத்துக்கு அது எதைக் கூட்டுகிறது என்று தெரியாது. சம்பளமாக இருக்கலாம், ரயில் டிக்கெட்டாக இருக்கலாம். விரலுக்குக் கூட்டத் தெரியாது. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் எல்லாம் சேர்ந்தால் தெரிந்தவன் போல ஆகிவிடுகிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் பயந்துபோனார்கள். அன்று சாயங்காலம் கடற்கரையில் நடந்தேன், ஏறவேண்டிய ரயிலை விட்டேன், மறுபடியும் நடந்தேன். சுண்டல் விற்கிறவனையும் பலூன் விற்கிறவனையும் பார்த்துச் சிரித்தேன். இத்தனை முட்டாள்களைச் சரியான வரிசையில் நிறுத்தினால் ஓர் அறிவாளி கிடைப்பான் என்ற செய்தி எனக்கு மட்டும் தெரிந்தது போலவும், அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாதது போலவும் இருந்தது. அந்த மாதிரி சந்தோஷம் உங்களுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் நான் சொல்லப்போவதில் பாதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அமைப்பு ஏன் முக்கியம் என்பதும் அங்கேதான் புரிந்தது. பழைய எந்திரம் ஒன்றும் புதியது ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. உள்ளே இருந்த பாகங்கள் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. ஆனால் புதியது பல மடங்கு வேகம். பழையது ஒரு கட்டளையை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். புதியது ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும். கல்லில் ஒரு தோசை வேகும்போதே அடுத்ததற்குக் கரண்டியில் மாவை எடுக்கிறவளைப் போல. ஆட்களை மாற்றவில்லை. வரிசையில் நிறுத்தும் விதத்தை மாற்றியிருந்தார்கள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் கட்டளை முடிந்தால்தான் இரண்டாவதைச் செய்யலாம் என்று சில இடங்களில் வரும். அங்கே அவசரப்பட்டால் எந்திரம் தப்பான விடையைத் தரும். அதனால் அந்த இடங்களில் ஒரு மணி சும்மா போகட்டும் என்று விட்டிருப்பார்கள். எதுவும் செய்யாமல் நிற்பதும் அங்கே ஒரு கட்டளைதான். சக்கரவர்த்தி இதைச் சொல்லிக்கொடுத்தார். நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் சார்பில் யாரும் சொல்லிவிடக் கூடாது.

பயிற்சி முடியும்போது கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதில் நானும் ஒருவன். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. பாய்லரைப் பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கி நேராகப் பட்டறைக்குப் போனேன்.

சலவைப் பட்டறையை நீங்கள் வேலை ஓய்ந்த பிறகுதான் பார்த்தீர்கள். வேலை நேரத்தில் அது சந்தைக்கடை. ஒருவர் ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இன்னொருவர் "அங்க வெக்காதீங்க" என்பார். அலசும் தொட்டியில் பெண்கள் துணி வருமா என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வந்தால் மலையாக வரும். நடுவில் இரண்டு இரும்புப் பானைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆள் உயரம். மூடி கிடையாது. வேகவைக்க வேண்டிய துணியை அதற்குள் போட்டு, ஒருவர் இறங்கி மிதித்து மிதித்து அமுக்க வேண்டும். இல்லையென்றால் காரத் தண்ணீர் எல்லா இடமும் பாயாது, துணி திட்டுத் திட்டாக வேகும். மிதித்து முடித்தவர் கயிற்றைப் பிடித்து ஏறி வெளியே வருவார். பிறகு சுவருக்குப் பின்னால் பாய்லர் பக்கம் நிற்கும் வீரன் வால்வைத் திருகுவான். இடப்பக்கம் திருகினால் கிழக்குப் பானைக்கு, வலப்பக்கம் திருகினால் மேற்குப் பானைக்கு, மேல் தொட்டியிலிருந்து கொதிக்கும் காரத் தண்ணீர் போகும். அவன் நிற்கும் இடத்திலிருந்து பானைக்குள் பார்க்க முடியாது.

மிதிக்கும் வேலை ஆறுச்சாமியுடையது. குட்டையான மனிதர், காலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லாத மாதிரி பெரிய பாதங்கள். எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. மிதிக்கிறவர் பாடிக்கொண்டே மிதிப்பார். பாட்டுக் கேட்டால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், வால்வை யாரும் தொட மாட்டார்கள். பாட்டு நின்று, அவர் தலை விளிம்புக்கு மேல் தெரிந்து, "ஆச்சுங்க" என்ற பிறகுதான் வீரன் கையை வைப்பான். பாட்டை ஆறுச்சாமியே கட்டுவார். எல்லாம் கேலிப் பாட்டு. அலசும் தொட்டியில் தலைமை வகித்த குழந்தையம்மாளின் கொண்டை, மாமாவின் குடை, பாய்லரின் வயிறு, எதையும் விட மாட்டார். பானைக்குள்ளிருந்து வருவதால் குரல் கிணற்றுக்குள் பாடுவது போல முழங்கும். ஒரு பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டால் மிதித்து முடித்த பிறகும் பாடுவார். பட்டறையே நின்று சிரிக்கும். மணிக்கணக்கில் வேலை கெடும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு மறுபடியும் பம்பாய்ச் சிரிப்பு வந்தது. என் கண் முன்னால் ஒரு பிராசஸர் கலைந்து கிடந்தது. பாகங்கள் எல்லாம் இருந்தன. அமைப்பு மட்டும் இல்லை.

மாமாவிடம் கேட்டேன். "கெட்டுப்போனா?" என்றார். "ஒண்ணும் கெடாதுங்க மாமா" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்.

பட்டறையின் குறுக்கே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, இரண்டு கப்பிகளில் ஒரு நீளக் கயிற்றை மாட்டி முடிச்சுப் போட்டு வளையமாக்கினேன். அதில் பனியன் துணித் துண்டுகளைச் சாயம் தோய்த்து வரிசையாகத் தைத்துத் தொங்கவிட்டேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நிறம் எல்லோருக்கும் தெரியும். பச்சை என்றால் துணியைப் பானையில் போடு, மிதி. சிவப்பு என்றால் வால்வை மறுபக்கம் திருகு. நீலம் என்றால் அலசு. மஞ்சள் என்றால் தூக்கிக்கொண்டு போய் உலர்த்து. ஒரு மோட்டார் கயிற்றை ஒவ்வொரு துண்டாக நகர்த்தும். நகரும்போது தொங்கும் தண்டவாளத் துண்டில் ஒரு சுத்தியல் தானாக அடிக்கும். அதுதான் மணி. மணி அடித்ததும் கயிற்றைப் பார், உன் நிறம் வந்தால் செய், வராவிட்டால் நில். கிழக்குப் பானையில் துணி வேகும்போதே மேற்குப் பானையில் மிதி நடக்கும். அப்புறம் மாறும். மோட்டாரின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூணில் இருந்தது.

பழக்கிய நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். ஆட்கள் திருவிழாவுக்கு வந்தது போல வந்தார்கள். மணி அடித்ததும் தப்பான நிறத்துக்கு ஓடி ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுவார்கள், எழுந்து சிரிப்பார்கள்.

"ஏனுங் தம்பி, நாங்கெல்லாம் மனுசரா, இல்ல உங்க பம்பாய் டப்பாக்குள்ள இருக்கற கம்பியா?" என்று குழந்தையம்மாள் கேட்டாள்.

"கம்பிதானுங்க அக்கா."

"அப்ப மத்தியானம் கம்பிக்குச் சோறு உண்டுங்களா?"

"உண்டுங்க. மஞ்சளுக்கு அப்பறம் வருமுங்க."

"சோத்துக்கு ஒரு நெறம் வெய்யுங்க சாமி, பாத்துட்டே நிக்கறோம்" என்றாள். அன்று முழுவதும் அவள் தன்னைக் கம்பியக்கா என்றே கூப்பிடச் சொன்னாள்.

ஆறுச்சாமி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தம்பி, எனக்கு உள்ள இருந்தாக் கயிறு தெரியாதுங்களே."

"மணி கேக்குமுங்களே அண்ணா. நீங்க மிதிச்சுட்டே இருங்க. அடுத்த மணி கேட்டா ஏற ஆரம்பிங்க."

"பாட்டு?"

"பாட்டு வேண்டாமுங்க. யாரும் பேசவே வேண்டாம். பேசினா யோசிப்பாங்க, யோசிச்சா மணி தவறும்."

"பாட்டு நின்னாத்தானுங்க வீரனுக்குத் தெரியும், நா வெளிய வந்துட்டன்னு."

அதற்குத்தான் கறுப்புத் துண்டு வைத்திருக்கிறேன் என்று காட்டினேன். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு கறுப்பு. கறுப்பு வந்தால் பட்டறையில் யாரும் எதுவும் செய்யக் கூடாது. அந்த ஒரு மணி நேர இடைவெளி... தவறாக எழுதிவிட்டேன், ஒரு மணி அடிக்கும் இடைவெளி, அவர் ஏறி வருவதற்காகவே விட்டது.

"பாட்டுக்குப் பதிலாத் துணீங்களா" என்று அவர் அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தார். "துணி பாடுமுங்களா தம்பி?"

"பாடாதுங்க. ஆனா நேரந் தவறாதுங்க."

"செரீங்க" என்று சிரித்தார். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு மிதித்தார். பாட்டில்லாமல் கால் ஓடவில்லை என்று ஓரிரு தடவை சொன்னார். பிறகு அதையும் சொல்லவில்லை.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பட்டறை அமைதியாகிவிட்டது. தண்ணீர்ச் சத்தமும் மணியும் மட்டும். முன்பு இருட்டும் வரை இழுத்த வேலை மத்தியானத்துக்கு மேல் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. அதே ஆட்கள், அதே பானைகள். மாமா கயிற்றுக்குக் கீழே நின்று நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார், தலையை ஆட்டுவார். எனக்கு நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும்.

பாகங்கள் நன்றாகப் பழகிவிட்டனவா என்று நான் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் நீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலம் தைத்தேன். பெண்கள் அலசிய துணியை எடுத்து மறுபடியும் அலசினார்கள். குழந்தையம்மாள் கூட ஏன் என்று கேட்கவில்லை. நான் பாய்லருக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு நாள் பானை காலியாக இருக்கும்போது சிவப்பு வரும்படி செய்தேன். வீரன் திருகினான். ஒரு தொட்டி காரத் தண்ணீர் வெறும் இரும்பில் கொட்டிப் புகைந்தது. அவன் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை, வெட்கப்பட்டான்.

இதை எழுதுவதற்குக் காரணம், வீரனைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பாராக்காரர் வாசலில் மணி அடிக்கும்போது கம்பிக்குப் பின்னால் வீரனின் கையைப் பாருங்கள். நேற்று அவனைப் பார்க்க வந்தபோது நான் பார்த்தேன். மணிக்கட்டு ஒரு தடவை இடது பக்கம் திரும்பியது, அடுத்ததற்கு வலது பக்கம். இப்படிப்பட்டவன் மேல் பழி சுமத்துவது, கதவில் விரல் நசுங்கியதற்குத் தாழ்ப்பாளைக் கைது செய்வது போல.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

பேச்சுப் பரவி, மற்றப் பட்டறை முதலாளிகள் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சோமனூரிலிருந்து விசைத்தறிக்காரர்கள் சிலரும் வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால் ஆற்றின் இரண்டு கரையிலும் என் கயிறு ஓடும். நான் அதற்கு மேலும் நினைத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பட்டறையும் ஒரு பாகம், வண்டிப்பாதைகள் எல்லாம் கம்பிகள், ஊருக்கு நடுவில் ஒரே மணி. பின்னல், சலவை, வெட்டு, தையல், ஒன்று முடியும் முன்பே அடுத்தது கையில். ஊர் முழுவதும் ஒரே எந்திரம். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பசி இல்லாமல் போனதால் அல்ல, சிரிப்புத்தான் இறங்க விடாது.

அன்று காலையில் யாரும் வருவதற்கு முன்னால் கயிற்றின் கீழே நின்று பார்த்தேன். கறுப்பு உறுத்தியது. எல்லோரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் அந்த ஒரு மணியைத்தான் வந்தவர்கள் முதலில் பார்ப்பார்கள். இது எதற்கு என்பார்கள். ஒரு ஆள் ஏறி வருவதற்காக மொத்தப் பட்டறையும் நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல எந்திரத்துக்கு அது அழகில்லை. மேலும் நான் முன்பே கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன். வீரன் திருகியதும் தண்ணீர் உடனே கொட்டாது. மேல் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வர வேண்டும். ஆறுச்சாமி மணி கேட்டதும் ஏறத் தொடங்கினால், அவர் கால் விளிம்பைத் தாண்டுவதற்கும் தண்ணீர் விழுவதற்கும் நடுவில் இரண்டு மூச்சு மிச்சம் இருந்தது. ஒன்று முடியும்போதே மற்றது தொடங்குகிறது. அதைவிட அழகான அமைப்பை நான் பம்பாயிலும் பார்க்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துக் கறுப்புத் துண்டுகளை வெட்டி எடுத்தேன். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பைத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்கள். பயந்தவர்கள் மணி தவறுவார்கள். ஆறுச்சாமியிடமும் அதனால்தான் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, மணி கேட்டால் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளிகள் வெள்ளை வேட்டியில் வந்து ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நின்றார்கள். மாமா எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்தார். சுவிட்சைப் போட்டேன். மணி அடித்தது. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். ஆறுச்சாமி கிழக்குப் பானையிலிருந்து ஏறி விளிம்பைத் தாண்டிய பிறகு தண்ணீர் விழுந்தது. நான் கணக்கிட்டபடியே. அவர் ஒரு தடவை திரும்பி, பானையிலிருந்து வந்த ஆவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு நேரமில்லை. மேற்குப் பானைக்குப் போகும்படி கையைக் காட்டினேன். போனார். அதுவும் சரியாக நடந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

ஒருவர் மாமாவிடம், "ஏனுங் லிங்கசாமி, ஆறுச்சாமி பாட்டுன்னு கேள்விப்பட்டமே, அதை எங்கீங்க காணோம்?" என்றார்.

ஆறுச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் வடித்துப் புதுத் துணி போட்டிருந்த கிழக்குப் பானையின் கயிற்றைப் பிடித்தபடி, "தம்பி, ஒண்ணே ஒண்ணு பாடிக்கறனுங்க. உங்க மணியப் பத்தித்தான் கட்டி வெச்சிருக்கறன்" என்றார்.

வந்தவர்கள் கேட்கிறார்கள். நானும் கேட்க ஆசைப்பட்டேன். "பாடுங்கண்ணா" என்றேன்.

உள்ளே இறங்கினார். பானை முழங்கியது.

மணியடிச்சா மண்ணு வெளுக்குது
மாமரத்துக் காக்கா வெளுக்குது
குண்டடத்துத் தம்பி வந்தாரு
கோணக் கயிறும் நேரா நிக்குது

முதலாளிகள் கைதட்டினார்கள். குழந்தையம்மாள் தன் இடத்தில் நின்றபடி தோளை மட்டும் ஆட்டிச் சிரித்தாள். கைதட்டல் கேட்டதும் ஆறுச்சாமி அடுத்த அடியைத் தொடங்கினார். அதிலும் என் பெயர் இருந்தது. அந்த அடி பாதி வரும்போது மணி அடித்தது.

கயிற்றில் சிவப்பு. பாட்டு நிற்கவில்லை. பாடுகிறவர் ஒரு அடியைப் பாதியில் விட மாட்டார், அதுவும் கைதட்டிய பிறகு. முடித்துவிட்டு ஏறலாம், ஒரு மணி இருக்கிறதே என்று நினைத்திருப்பார். நான் நின்ற இடத்திலிருந்து கிழக்குப் பானையும் தெரிந்தது, சுவரின் திறப்பு வழியாக வீரனும் தெரிந்தான். அவன் கை வால்வில் இருந்தது. திருகவில்லை. அவன் காதில் பாட்டு விழுந்துவிட்டது. பழகியதெல்லாம் போய் அதற்கு முந்தைய பழக்கம் எழுந்துவிட்டது. பல வாரங்களில் முதல் தடவையாக அவன் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

சுவிட்ச் என் கைப்பக்கத்தில் இருந்தது. அதை அணைத்திருந்தால் கயிறு நின்றிருக்கும், அடி முடிந்திருக்கும், வந்தவர்கள் என்னவோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். இதை நான் அப்போதே யோசித்தேன். நிதானமாக யோசிக்க நேரம் இருந்தது. பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. வீரன் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

நான் விரலை நீட்டிச் சிவப்புத் துணியைக் காட்டினேன்.

அவன் திருகினான்.

குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்கும் நேரம் இருந்தது. ஆனால் யாரும் பேசக் கூடாது என்பது நான் வைத்த விதி. வந்தவர்கள் முன்னால் நானே அதை மீற எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் இன்னொன்றும் இருந்தது. இத்தனை பேரும் கேட்கும் குரலைத் தாண்டி எந்திரம் தன் வரிசைப்படி போகுமா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. போயிற்று. என் மார்புக்குள் அந்தப் பம்பாய்ச் சாயங்காலம் மறுபடியும் வந்தது.

குழந்தையம்மாள்தான் முதலில் ஓடினாள். அவள் முறை இன்னும் வரவில்லை, நீலம் வருவதற்கு ஒரு மணி இருந்தது. துணியைப் போட்டுவிட்டு, "அட நாசமாப் போனவனே, நிறுத்துடா" என்று கத்திக்கொண்டு ஓடி, பானையின் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தாள். மற்றவர்களும் ஓடினார்கள். மணி யாரும் தன் இடத்தில் இல்லாத பட்டறையில் அடித்துக்கொண்டிருந்தது. மாமா வந்துதான் சுவிட்சை அணைத்தார். தெறித்த காரத் தண்ணீரில் அவளுடைய கைகள் வெந்துபோனதாகப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் கேட்ட சோற்று நிறத்தை வைக்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

விபத்து என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எந்தப் பாகமும் பழுதாகவில்லை. எனக்கு ஆறுச்சாமி மேல் விரோதமும் இல்லை. அவர் பாட்டில் என்னைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். வெட்டி எடுத்தது நான், மறைத்தது நான், பார்த்தும் கேட்டும் கையைக் காட்டியது நான். ஆறுச்சாமியைக் கொன்றவன் நான்.

ஆகவே வீரனை இன்றே விட்டுவிடுங்கள். அவன் சொன்னதைத்தான் செய்தான். அவன் பக்கம் ஒரே ஒரு தப்பு உண்டு, அந்தக் கணத்தில் தயங்கி நின்று என்னைப் பார்த்தான். அதை நான் மன்னித்துவிட்டேன்.